கல்லே சான்று
டொனால்ட் டின்னியின் வாழ்க்கை

உடல்வலியால் உயர்ந்தோரின் புகழ் பெரும்பாலும் அவர்களுடனேயே மறைந்துபோவது. புலவன் இறந்தபின்னும் அவன் நூல் இருக்கும். சிற்பி இறந்தபின்னும் அவன் செதுக்கிய உருவம் இருக்கும். எறிவோன் எறிந்த சம்மட்டியோ எறிந்த கணத்திலேயே நிலத்தில் வீழ்ந்து கிடக்கும். கண்டவர் சிலநாள் வியந்து பேசுவர். கண்டவரும் போய்விட்டால் பேச்சும் போய்விடும். ஆயினும், ஸ்கொத்லாந்து தேசத்திலே ஒருவருடைய உடல்வலிக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு சான்றுகள் அழியாது கிடக்கின்றன. அவை எழுத்துப் பொறித்த கல்வெட்டுகள் அல்ல. வெறுங் கற்கள், மேலே இரும்பு வளையம் மாட்டிய இரண்டு கருங்கற்கள். அவற்றை டின்னி கற்கள் என்று உலகம் வழங்குகின்றது. அப்பெயருக்குரியவர் டொனால்ட் டின்னி என்னும் கற்றச்சர்.

பிறப்பும் தொழிலும்

ஸ்கொத்லாந்தின் வடகிழக்கிலே, அபடீன் நாட்டுப்புறத்தில், டீ என்னும் ஆறு மலைகளினின்றும் இறங்கிக் கிழக்குக் கடலை நோக்கி ஓடுகின்றது. அவ்வாற்றின் கரையிலுள்ள அபோயின் என்னும் ஊருக்கு அண்மையில், பேர்ஸ் என்னும் பகுதியிலே, 1837 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டின்னி பிறந்தார். விக்ரோறியா மகாராணியார் அரியணை ஏறியதும் அதே ஆண்டிலேயாம்.

தந்தையார் றொபேட் டின்னி. அவரும் கற்றச்சர். கற்றச்சர் மாத்திரம் அல்லர், செய்யுளும் இயற்றினார், தம் பகுதியாகிய பேர்ஸின் வரலாற்றை ஆராய்ந்து 1865 இல் நூலாக வெளியிட்டார். பகலிலே கல்லை அடுக்கியவர் இரவிலே சொல்லை அடுக்கினார் என்க. உடலுழைப்பும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் இக்குடும்பத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மகனுக்குத் தந்தையின் கல் வாய்த்தது. சொல் அத்துணை வாய்க்கவில்லை. ஆனால் வாய்த்த ஒன்றைக்கொண்டு மகன் சென்ற தூரம் தந்தையார் கனவிலும் கண்டிராதது.

1853 இல், வயது பதினாறு நிரம்புங் காலத்திலே, கின்காடின் ஓநீல் என்னும் அயலூரில், பெயர்பெற்ற உள்ளூர் வலியர் ஒருவரை மற்போரில் வீழ்த்தி ஒரு பவுண் பரிசு பெற்றார். ஒரு பவுண் அக்காலத் தொழிலாளியின் கையிற் சிறுதொகை அன்று. உடல்வலியும் ஊதியந் தரும் என்பதை அவர் அறிந்துகொண்ட நாள் அதுவாகலாம்.

களமும் கருவிகளும்

டின்னி புகழ்பெற்ற களங்கள் மலைநாட்டு விளையாட்டு விழாக்கள். கோடைகாலத்திலே ஊர்தோறும் மக்கள் கூடி, குழலிசையும் கூத்தும் ஓட்டமும் பாய்ச்சலும் கண்டு மகிழ்வர். அவ்விழாக்களின் நடுநாயகமாக விளங்குவன பாரமான பொருள்களை எறியும் போட்டிகள். 1848 இல் விக்ரோறியா மகாராணியார் பிறேமார் என்னும் இடத்து விழாவுக்கு எழுந்தருளிய பின்னர் இவ்விழாக்களின் மதிப்பு உயர்ந்தது, பரிசுகளும் பெருகின.

அங்கே எறியப்படும் பொருள்களைச் சற்று உற்று நோக்குவோம். ஒன்று கல், ஆற்றிலும் வயலிலும் கிடந்தது. மற்றொன்று சம்மட்டி, கொல்லனுடைய பட்டறைக்கு உரியது. பிறிதொன்று 56 இறாத்தல் இரும்பு நிறை. அஃதாவது அரை அந்தர். தானியமும் கம்பளி மயிரும் நிறுக்குந் தராசிலே நிறைகல்லாய் இருந்தது. இன்னுமொன்று மரம், காட்டிலே வெட்டிக் கிளை களைந்த நெடுந்தடி. செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள் ஒன்றேனும் இவற்றுள் இல்லை. உழைப்பாளி பகலெல்லாம் கையாண்ட கருவிகளே விழாநாளிலே விளையாட்டுக் கருவிகளாயின.

இவற்றுள் மரம் எறிதலைக் கண்டிராதார்க்கு ஒருசிறிது விளக்குதல் வேண்டும். ஒருமுனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ள மரத்தைச் சிறுமுனை கீழாக நிமிர்த்தி நிறுத்துவர். வீரன் குனிந்து, சிறுமுனையின் கீழ் இரு கைகளையுங் கோத்து, மரத்தைத் தோளிற் சார்த்தி உயர்த்துவான். சிறிது தூரம் ஓடுவான். திடீரென நின்று, முழுவலியுங் கூட்டி மேலே உந்துவான். பருமுனை நிலத்தில் மோத, சிறுமுனை வானத்தில் எழுந்து மறுபுறஞ் சாயும். எவ்வளவு தூரஞ் சென்றது என்பதன்று கணக்கு; எறிந்தவனுக்கு நேரே, கடிகாரத்திற் பன்னிரண்டு மணி காட்டும் முள்ளைப்போல, கோணாது வீழ்ந்ததா என்பதே கணக்கு. பிறேமார் மரத்தின் நீளம் 19 அடி 9 அங்குலம். நிறை 132 இறாத்தல். வலிமையோடு செவ்வையும் வேண்டப்படும் விளையாட்டு இது.

சம்மட்டிக்கு மரக்காம்பு. எறிவோன் கால்களை நிலத்தில் ஊன்றி நின்று, தலைக்குமேற் சுழற்றிப் பின்புறமாக விடுவான். இன்றைய ஒலிம்பிக் சம்மட்டிக்கோ கம்பிக் காம்பு; எறிவோனும் உடன்சுழல்வான். முறை வேறாயினும் நிறை ஒன்றே: மலைநாட்டு இலகு சம்மட்டி 16 இறாத்தல், ஒலிம்பிக்கில் ஆடவர் எறியுஞ் சம்மட்டியும் 7.26 கிலோகிராம், அஃதாவது அதே 16 இறாத்தல்.

வலிமை வந்த வழி

டின்னியின் உயரம் ஆறடிக்கு ஓரங்குலம் அதிகம். பருவகாலத்து நிறை ஏறக்குறையப் பதினைந்து கல், அஃதாவது 210 இறாத்தல். இன்று இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் பலர் அவரினும் மிகப் பருத்தவர். ஆதலால் உடற்பருமன் ஒன்றே அவரை உயர்த்தியது என்று சொல்லுதற்கில்லை. பின் எது உயர்த்தியது?

அவர் காலத்திலே நாட்டுப்புறத்தில் உடற்பயிற்சிக்கூடம் இல்லை. பயிற்சிக்கூடமாய் இருந்தது கற்றொழிலே. கற்றச்சன் கல்லை நிலத்திலிருந்து எடுக்கின்றான். முதுகை வளைத்து எடுத்தால் ஒரேநாளில் முதுகு முறிந்துவிடும். ஆகவே முழங்காலை மடக்கி, இடையைத் தாழ்த்தி, காலால் நிலத்தை உதைத்தே எடுக்கப் பழகுகின்றான். எடுத்ததைச் சுமந்து நடக்கின்றான். சுவர்மேல் ஏற்றுகின்றான். நாள்முழுதுஞ் சுத்தியல் பிடித்த விரல்கள் இரும்புக் கொளுவிகள் ஆகின்றன. நிலத்திலிருந்து எடுத்தல், சுமந்து நடத்தல், தலைக்குமேல் உயர்த்தல், இறுகப் பற்றுதல் என்னும் இந்நான்கையுமே இன்றைய பயிற்சியாளர் பாரச்சட்டங்களைக்கொண்டு எறிவீரர்க்குப் பயிற்றுகின்றனர். இருந்தெழுதலும் பாரத்தை விரைந்து தோளேற்றுதலும் அவற்றோடு சேர்வன. எறிதலின் வலிமை கையிலே தோன்றுவதன்று. காலிலே பிறந்து, இடையிலே திரண்டு, முதுகின் வழியேறி, விரலின் வழியே வெளிப்படுவது. டின்னி இதனை ஏட்டிற் படித்தவர் அல்லர், கல்லிற் படித்தவர்.

தொடக்க ஆண்டுகளில், விழாக்கள் இல்லாத மாதங்களிலே அவர் கற்றொழில் செய்தார்; கோடை வந்ததும் களம் புகுந்தார். குளிர்காலத்தில் பாரத்தோடு போராடி வலிமையைச் சேர்ப்பதும், போட்டிக்காலம் அணுகப் பாரத்தைக் குறைத்து எறிதலைப் பழகுவதும் இக்காலப் பயிற்சிநூல்கள் வகுக்கும் ஒழுங்கு. அவ்வொழுங்கை அவருக்குத் தொழிலும் பருவமுமே வகுத்துக் கொடுத்தன.

மற்றொன்றும் உண்டு. டின்னி எறிதலில் மாத்திரம் வென்றவர் அல்லர். ஓட்டத்திலும், தடைதாண்டலிலும், உயரம் பாய்தலிலும், மற்போரிலும் பரிசு பெற்றவர். பாரத்தைத் தூக்குதற்கு வலி போதும். எறிதற்கோ வலியோடு விரைவும் வேண்டும். மெல்ல அசையும் வலியவன் பெருங்கல்லைத் தூக்குவான். எறிகல்லோ அவன் காலடியிலேயே வீழும். தொழில் வலியைத் தந்தது. ஓட்டமும் பாய்ச்சலும் விரைவைத் தந்தன. இவ்விரண்டும் ஓருடலிற் பொருந்தியதே டின்னியின் தனிச்சிறப்பு.

பாலத்தின் மேல்

டீ ஆற்றின் குறுக்கே பொட்டாக் என்னும் இடத்திலே கற்பாலம் ஒன்று உளது. அப்பாலத்தைப் பழுதுபார்த்த காலத்திலே, தொழிலாளர் நிற்குஞ் சாரத்தைத் தாங்கும் எதிர்ப்பாரமாக இரண்டு கற்களுக்கு இரும்பு வளையம் மாட்டினர். வேலை முடிந்தது, சாரம் போயிற்று, கற்கள் அங்கேயே கிடந்தன. பெரியதன் நிறை 414½ இறாத்தல். சிறியதன் நிறை 318½ இறாத்தல். இரண்டுங் கூடினால் 733 இறாத்தல். ஆறரை அந்தருக்கும் மேல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 332 கிலோகிராம்.

1860 இல், இருபத்துமூன்று வயதளவில், டின்னி இவ்விரு கற்களையும் ஒருங்கே தூக்கினார். தூக்கியதோடு நில்லாது, பாலத்தின் அகலமாகிய பதினேழடிக்குச் சற்று மேற்பட்ட தூரத்தைச் சுமந்து கடந்தார் என்பது வரலாறு. கற்கள் இரண்டும் சமநிறையுடையன அல்ல. ஒரு கைப்பாரம் மற்றதினும் 96 இறாத்தல் கூடியது. ஆகவே உடல் ஒருபுறஞ் சாயும். சாயவிடாது நிமிர்ந்தே நடத்தல் வேண்டும். மெல்லிய வளையம் விரலை அறுக்கும். அறுப்பினும் விரல் விடுதல் கூடாது. சில அடிகள் வைக்கும் நேரந்தான். ஆயினும் அந்நேரத்திற்குள் கால், இடை, முதுகு, விரல் ஆகியவற்றுள் எது சற்றே தளர்ந்தாலும் கல் நிலத்திலே கிடக்கும்.

அன்று அங்கே பரிசு இல்லை, பெருங்கூட்டம் இல்லை, முடியுடையோர் எவருமில்லை. அவர் வென்ற பரிசுகள் பதினோராயிரத்திற்கு மேற்பட்டவை என்று கூறுவர். அப்பரிசுகளுள் இன்று எதனை யார் நினைக்கின்றார்? பரிசு இல்லாத அவ்வொரு நடையே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கடல் கடந்த புகழ்

ஸ்கொத்லாந்து மக்கள் வறுமையாலும் நிலமிழப்பாலும் பெருந்தொகையினராய்க் கடல் கடந்தவர்கள். சென்ற இடமெங்கும் சங்கங்கள் நிறுவித் தாய்நாட்டு விளையாட்டுகளை நடத்தினர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே 1853 இல் அத்தகைய விழா நடந்தது. 1870 அளவில் டின்னி முதன்முறை அமெரிக்கா சென்றார், பின்னரும் சென்றார். ஊர்கள்தோறும் மக்கள் திரண்டனர். பலதுறை வீரராகிய யேம்ஸ் பிளெமிங் என்பார் அக்காலத்தில் அவருக்கு வாய்த்த நேரிய எதிரிகளுள் ஒருவர். இவ்விழாக்கள் புலம்பெயர்ந்தோரின் பொழுதுபோக்காக மாத்திரம் முடிந்துவிடவில்லை. பிறின்ஸ்ரன் கல்லூரியிலே ஸ்கொத்லாந்தரான யோர்ச் கோல்டி என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் 1873 இல் இவ்வகை விளையாட்டுகளை மாணாக்கர்க்குத் தொடக்கிவைத்தார். அமெரிக்கக் கல்லூரிகளின் மெய்வல்லுநர் போட்டிகளுக்கு அது ஒரு வித்தாயிற்று.

1884 இல் டின்னி அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார். அங்கும் நியூசீலாந்திலும் பல்லாண்டு தங்கினார். வில்லியம் மில்லர் முதலிய பெருமல்லரோடு பொருதார். நாற்பத்தேழு வயதிலே பிறர் ஓய்வை நாட, அவர் புதுக்கண்டம் ஒன்றிற் புதுக்களம் நாடினார். தென்னாபிரிக்காவையுங் கண்டு, 1898 அளவில், அறுபது கடந்தவராய்த் தாய்நாடு மீண்டார்.

அடைக்கப்பட்ட வாயில்

இத்துணைப் பெருமையுடையவரின் பெயர், அக்கால மெய்வல்லுநர் சாதனைப் பட்டியல்களில் உரிய இடத்தைப் பெறவில்லை. காரணம் அறியத்தக்கது.

1866 இல் இலண்டனிலே கனவான்கள் கூடி மெய்வல்லுநர் கழகம் ஒன்று கண்டனர். ஊதியங் கருதாது விளையாடுவோர்க்கே அதில் இடம். பணத்திற்குப் போட்டியிட்டவர் விலக்கப்பட்டனர். அஃதொரு கொள்கை; அதற்கு நியாயங் கூறுவாரும் உளர். ஆனால் அவர்களுடைய விதி அவ்வளவில் நிற்கவில்லை. கைவினைஞரும் கூலியாளரும் பணம் பெறாவிடினும் விலக்கத்தக்கவரே என்று வகுத்தது. கைத்தொழில் செய்து உடல்வலி பெற்றவனோடு பொருதல் கனவானுக்குத் தகாது என்பது அவர்கள் கருத்து. 1880 இல் தோன்றிய புதிய சங்கம் தொழிலாளரை விலக்கும் அவ்விதியைக் கைவிட்டது. எனினும், பணத்திற்கு விளையாடுவோர்க்கு வாயில் மூடியே இருந்தது. உலக மெய்வல்லுநர் துறையில் அவ்வேலி தளர்ந்தது 1980 ஆம் ஆண்டுகளிலேதான்.

டின்னியின் நிலையை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு வலிமையைக் கொடுத்தது கற்றொழில். அத்தொழிலே அவரை அவ்வாயிலில் நிறுத்திற்று. தொழிலை விட்டு விளையாட்டையே நம்பியபோது, பரிசுப்பணம் அவரை நிறுத்திற்று. நிலமும் வருவாயும் உடையவன் பணம் வேண்டாது விளையாடலாம். கல் சுமந்தாலன்றி உணவில்லாதவன் ஒருநாட் கூலியை இழந்து விளையாடினால், அவ்விழப்பை யார் ஈடுசெய்வார்? இக்கேள்விக்கு அவ்விதிகளில் விடை இல்லை.

டின்னியிடங் குறை இல்லை என்று சொல்ல வந்தோம் அல்லோம். செருக்குடையவர் என்று அவரைப் பலரும் குறைகூறினர். நடுவரோடு வழக்காடுவார், தம் விலையைத் தாமே பேசுவார், வெல்லுதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓரங்குலமும் எறியார் என்றும் கூறினர். இவற்றுள் உண்மையும் இருக்கலாம். ஆனால், உடலே முதலாக வாணிகஞ் செய்பவன் அம்முதலை அளந்தே செலவிடுவான். இளமையோடு தீர்ந்துபோகும் முதல் அது. கனவான் செய்தால் கண்ணியம் எனப்படும் சிக்கனம், கற்றச்சன் செய்தாற் பேராசை எனப்பட்டது.

அந்திக்காலம்

முதுமையிற் செல்வம் அவரிடம் நிலைத்திருக்கவில்லை. பெயர்மாத்திரம் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பார் என்னும் ஸ்கொத்லாந்துக் கம்பனியார் தாம் விற்ற அயன் புரூ என்னும் மென்பானத்துக்கு அவருடைய உருவத்தையும் பாராட்டுரையையுங் காட்டி விளம்பரஞ் செய்தனர். விளையாட்டு வீரர் விளம்பரத்தில் தோன்றுதல் இன்று நாள்தோறும் காண்பது. அதற்கு அவர் முன்னோடிகளுள் ஒருவர். இலண்டனிலே, எழுபது கடந்த வயதிலும், மேடையேறி வலிமை காட்டினார். பாரமான மேசையைத் தாங்கி, அதன்மேல் இருவரை ஆடச்செய்வார் என்றும், முதுமை கருதி நகராட்சியார் அக்காட்சியை நிறுத்தினர் என்றுஞ் சொல்வர். எழுபது வயதிற் பாரஞ் சுமப்பது வியப்பு. வாழ்வுக்காகச் சுமக்க நேர்வதோ துயரம். கண்டு கைதட்டியோர் எத்தனைபேர் அத்துயரத்தையும் கண்டிருப்பர்!

முதல் உலகப் போர் மூண்டபோது, படைவீரர் பெரும் பீரங்கிக் குண்டுகளுக்கு அவருடைய பெயரை இட்டு வழங்கினர். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயர் வலிமைக்கே மறுபெயராயிற்று. அப்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1916 இல், இலண்டன் மாநகரத்திலே, எழுபத்தெட்டாம் வயதில் டின்னி காலமானார்.

கற்கள் மீண்டமை

போருக்குப் பின்னர் பொட்டாக் கற்களை மக்கள் மறந்தனர். 1950 ஆம் ஆண்டுகளிலே டேவிட் வெப்ஸ்ரர் என்னும் உடற்பயிற்சி அறிஞர் அவற்றைத் தேடிக் கண்டு மீண்டும் உலகறியச் செய்தார். அதன்பின் பல நாட்டு வலியரும் அங்கே வந்தனர். 1973 இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜக் ஷாங்ஸ் என்பார் இரண்டையும் சுமந்து அத்தூரத்தைக் கடந்தார். டின்னி நடந்ததற்கும் அவர் நடந்ததற்கும் இடையே நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன! 1979 இல் யான் ரொட் என்னும் அமெரிக்கப் பெண்மணியார், கைப்பட்டிகளின் துணைகொண்டு, அக்கற்களை நிலத்திலிருந்து உயர்த்தினார். நல்லுணவும் நுண்கருவியும் பயிற்சிநூலும் பெற்ற இக்காலத்தார் பலர் அவற்றை உயர்த்தியுள்ளனர். சுமந்து கடந்தோர் மிகச் சிலரே.

சாதனைப் பட்டியலை எழுதுவோர் சிலரைச் சேர்ப்பர், சிலரை நீக்குவர். ஏடு எழுதுவோன் கைக்கு உட்பட்டது. கல் எவர் கைக்கும் உட்படாதது. தூக்க வந்தவன் கனவானா, கூலியாளனா என்று அது கேட்பதில்லை. ஆணா, பெண்ணா என்றும் கேட்பதில்லை. 1860 இல் இருந்த அதே 733 இறாத்தல் இன்றும் இருக்கின்றது. ஐயமுடையவர் எவரும் சென்று தூக்கிப் பார்க்கலாம். கழகத்தார் எழுதாது விட்டதை அக்கற்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நம் மாணாக்கர் இவ்வரலாற்றிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தொழில் செய்யுங் கை தாழ்ந்ததன்று. அக்கைக்கு உரிய மதிப்பை ஏடு மறுக்கலாம். அது செய்த செயலை மறுத்தல் இயலாது.